வரைவா, திருத்தமா: கதை எழுதும்போது எப்போது திரும்பிப் போகலாம்

நாவல் ஒன்றைத் தொடங்கி மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுபோனவர்களின் கோப்பைத் திறந்து பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் அத்தியாயம் ஒற்றுப்பிழைகூட இல்லாமல் பளிச்சென்று நிற்கும். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது ஏதோ ஓர் உரையாடலின் நடுவில் அறுந்து கிடக்கும். தினமும் உட்கார்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து படித்து, சொல்லை மாற்றி, வரியை நகர்த்திக்கொண்டே வருவார்கள். புதிதாக எழுத வேண்டிய இடத்தை அடையும்போது அன்றைய நேரமும் தெம்பும் தீர்ந்திருக்கும்.

இதற்கு மருந்தாக எல்லோரும் சொல்வது: எதையும் திருத்தாதே, முடிவு வரை ஓடு. அதை அப்படியே பின்பற்றினாலும் அடிபடும். கதையைச் சொல்பவர் யார் என்பதே தவறிப்போன நாவலை 200 பக்கம் ஓட்டி முடித்தால், கடைசியில் கையில் இருப்பதைத் திருத்த முடியாது, முதலிலிருந்து எழுதத்தான் வேண்டும். எந்தத் திருத்தம் இன்றைக்கு, எந்தத் திருத்தம் ஆறு மாதம் கழித்து என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

பிரிப்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது. முந்தைய பக்கத்தில் ஏதோ உறுத்துகிறது. கை அங்கே போகிறது. அப்போது கேளுங்கள்: இதை மாற்றினால் நான் இனி எழுதப்போகும் பக்கங்கள் மாறுமா?

மாறும் என்றால் உடனே கவனியுங்கள். மாறாது என்றால் ஒரு குறியிட்டுவிட்டு முன்னே போங்கள். ‘இந்த வர்ணனை நீளம்’, ‘இங்கே சொல் சரியில்லை’, ‘இந்த உவமை பழசு’ எல்லாம் மாறாதவை. ‘இவளுக்கு அந்த ரகசியம் ஏற்கெனவே தெரியும்’, ‘இது மழைக்காலம்’, ‘இவன் பொய் சொல்கிறவன்’ ஆகியவை மாறுபவை. இந்தக் கேள்வியைக் கேட்கப் பழகினால், வரைவின்போது வரும் பத்துத் திருத்த ஆசைகளில் எட்டு ஒன்பது காத்திருக்கக்கூடியவை என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

உட்காரும் முன் செய்துவைக்க வேண்டியவை

மூன்று கோப்புகள் போதும். ஒன்று, வரைவு. இரண்டு, திருத்தப் பட்டியல்: எந்த அத்தியாயம், என்ன மாற்றம், ஏன் என்று மூன்று கட்டம். ‘ஏன்’ கட்டத்தை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து ‘அத்தை கதாபாத்திரத்தைக் குறைக்க’ என்று மட்டும் இருந்தால் அதற்கான காரணம் உங்களுக்கே நினைவிருக்காது. மூன்றாவது, வெட்டியவை. நீக்கும் எதையும் அழிக்காமல் இங்கே கொண்டுவந்து போடுங்கள். இதிலிருந்து எதையும் திரும்ப எடுப்பது அரிது. ஆனால் அது பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பு இருந்தால்தான் வெட்டுவதற்குக் கை வரும்.

வரைவுக்குள் வைக்கும் குறிக்கு, கதையில் ஒருபோதும் வராத அடையாளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ## நல்லது. ‘## பேருந்துக் கட்டணம் பார்க்க’, ‘## இவருக்குப் பெயர் வேண்டும்’, ‘## தென்காசி 1986இல் எந்த மாவட்டம்?’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோங்கள். கடைசிக் கேள்விக்கு விடை தேட இணையத்தைத் திறந்தால், திருநெல்வேலி மாவட்டம் என்பதையும் தென்காசி தனி மாவட்டமானது 2019இல் என்பதையும் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிப்பீர்கள். பிறகு குற்றாலத்தின் பழைய படங்களில் நாற்பது நிமிடம் போகும். திருத்தும் காலத்தில் ## என்று தேடினால் எல்லாக் கேள்விகளும் வரிசையாக வந்து நிற்கும். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

அன்றாட அளவை ஆங்கிலக் கையேடுகளிலிருந்து எடுக்காதீர்கள். முப்பது நாளில் 50,000 சொல், அதாவது நாளைக்கு 1,667 என்ற பிரபலமான கணக்கு ஆங்கிலத்துக்கானது. வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழியில் அதே விஷயத்தைச் சொல்லக் குறைவான சொற்களே ஆகும். வேலைக்குப் போகிறவருக்கு நாளைக்கு 500 சொல், வாரம் ஐந்து நாள் என்பது தாங்கக்கூடிய அளவு. வாரம் 2,500. அந்த வேகத்தில் 45,000 சொல் நாவல் ஒன்றின் முதல் வரைவு 18 வாரத்தில் முடியும். புத்தகமாக அச்சிட்டால், எழுத்தளவைப் பொறுத்து, ஏறத்தாழ 200 பக்கம்.

திரையில் தட்டச்சு செய்கிறவர்கள் பிழைத்திருத்தியின் சிவப்புக் கோடுகளை வரைவு முடியும்வரை அணைத்துவையுங்கள். தமிழில் இது கூடுதல் அவசியம்: ‘வந்துட்டாம்ல’, ‘சொல்லுதேன்’ போன்ற எல்லாப் பேச்சுச் சொல்லுக்கும் அடியில் கோடு விழும், அதைப் பார்த்துப் பார்த்தே பாத்திரங்கள் பாடப்புத்தகத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். எழுத்துருவைப் பொறுத்தவரை ஒருங்குறி (யூனிகோட்) மட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதி வைத்தால் பின்னால் தேடல் வசதி எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. திருத்தத்தில் பாதி வேலை தேடல்தான்.

கையால் எழுதுகிறவர்களுக்கு: நோட்டில் வலப்பக்கம் மட்டும் வரைவு. இடப்பக்கம் வெற்றாக இருக்கட்டும். குறிகளும் பின்னால் வரும் திருத்தங்களும் அங்கே. தட்டச்சு செய்யும்போதுதான் முதல் திருத்தம் தானாக நடக்கும். கைப்பிரதியின் பெரிய லாபமே அதுதான், அதனால் தட்டச்சை வேறொருவரிடம் கொடுக்காதீர்கள்.

குரல்வழித் தட்டச்சு உரையாடல் நிறைந்த காட்சிகளுக்கு உதவும், பேசிக்கொண்டே அழிக்க முடியாது என்பதால். ஆனால் நிறுத்தற்குறியும் ஒற்றும் விடுபடலாம், ல-ள-ழவும் ர-றவும் இடம் மாறலாம், வட்டாரச் சொல்லைத் தனக்குத் தெரிந்த சொல்லாக்கிவிடும். அன்றே, நினைவு ஆறுவதற்குள், ஒருமுறை படித்துப் பேச்சுச் சொற்களை மட்டும் மீட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது என்ன சொல் என்று உங்களுக்கே தெரியாது.

வரைவு நாட்கள்

உட்கார்ந்ததும் கடைசி ஒரு பக்கத்தை, ஏறத்தாழ 250 சொல்லை மட்டும் படியுங்கள். கோப்பைத் திறந்தால் முதல் பக்கம் வந்து நிற்கும் என்பதே பலருக்குப் பொறி. அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிக் கோப்பாக வைப்பது நல்லது. படிக்கும் அந்த ஒரு பக்கத்தில் தட்டுப்பிழை திருத்தலாம், ஒன்றிரண்டு சொல் மாற்றலாம். பத்து நிமிடம். நடையின் ஓசை காதில் விழுந்ததும் புதிய வரிக்குப் போய்விடுங்கள்.

அன்றைய அளவு முடிந்ததும், அடுத்து என்ன வரும் என்று தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். காட்சியின் முடிவில் நிறுத்தினால் மறுநாள் வெறுந்தரையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அடுத்த மூன்று வரியில் நடக்கப்போவதை ## போட்டுக் குறித்துவிட்டு எழுந்திருங்கள்.

எழுத வராத காட்சி ஒன்று நடுவில் வந்தால் தாண்டலாம், ஆனால் வெறுமனே தாண்டக்கூடாது. அந்தக் காட்சியின் முடிவில் யாருக்கு என்ன தெரிந்திருக்கும், யாரிடம் என்ன பொருள் இருக்கும், நேரம் என்ன என்று மூன்று வரி எழுதிவிட்டுப் போங்கள். அடுத்த காட்சி நிற்க அது போதும். ஒரு வரைவில் இப்படிப்பட்ட ஓட்டைகள் மூன்று நான்குக்கு மேல் போனால், கதையின் முக்கியமான மோதலையே தள்ளிப்போடுகிறீர்கள் என்று பொருள். பெரும்பாலும் தாண்டப்படுபவை எல்லாம் இரண்டு பேர் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டிய காட்சிகளாகவே இருக்கும்.

திருத்திக்கொண்டே எழுதினால்தான் ஓடும் என்கிறவர்கள் உண்டு. அது குணக்கேடு ஒன்றும் இல்லை, சிலருக்கு வாக்கியம் சரியாக விழாமல் அடுத்த வாக்கியம் வராது. அவர்களுக்கு எல்லை மட்டும் வேண்டும்: திருத்தம் அன்றைய நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது; இன்றைய பக்கத்துக்கும் நேற்றைய பக்கத்துக்கும் மட்டும். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் முதல் அரை மணி திருத்தம், பிறகு முன்னோக்கி மட்டும்.

திரும்பிப் போயே ஆக வேண்டியபோது

மூன்று சூழலில் வரைவை நிறுத்தலாம். கதைசொல்லியின் இடம் தவறியிருந்தால்: தன்மையில் எழுதுகிறீர்கள், ஆனால் கதைக்குத் தேவையான பாதிச் சம்பவங்கள் ‘நான்’ இல்லாத இடத்தில் நடக்கின்றன. ஒரு முக்கியப் பாத்திரத்தின் உறவோ நோக்கமோ மாறினால். ஒரே இடத்தில் நான்கைந்து நாள் தொடர்ந்து நின்றுபோனால். இதில் பிழை நின்ற இடத்தில் இருப்பது அபூர்வம், ஒன்றிரண்டு காட்சிக்கு முன்னால் யாரோ செய்யக்கூடாத ஒன்றை ஒப்புக்கொண்டிருப்பார், அல்லது சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பார்.

இந்த மூன்றிலும்கூட முதல் அத்தியாயத்துக்குப் போக வேண்டாம். முறிந்த காட்சிக்கு மட்டும் போய் அதை மட்டும் மறுபடி எழுதுங்கள். மற்றதெல்லாம் பட்டியலில் ஏறட்டும்; மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டதாகப் பாவித்து முன்னே எழுதுங்கள்.

ஒரு மாதிரிக் கதையில் இதைப் பார்க்கலாம். 1986. தென்காசிப் பக்கம் ஒரு மரக்கடை. அப்பா போனபிறகு அண்ணன் சுடலைக்கும் தம்பி இசக்கிக்கும் பாகப்பிரிவினைத் தகராறு. ஒன்பதாம் அத்தியாயம் எழுதும்போது, இசக்கி தம்பியாக இருப்பதைவிடத் தங்கையாக இருந்தால்தான் கதைக்கு உயிர் வரும் என்று தோன்றுகிறது. அந்த வட்டாரத்தில் இசக்கி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர், ஆகவே பெயரை மாற்றக்கூட வேண்டாம். தேடி மாற்றினால் ஆயிற்று என்று தோன்றும்.

ஆகாது. தமிழில் பால் வினைமுற்றில் உட்கார்ந்திருக்கிறது. ‘இசக்கி வந்தான்’ எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடலாம்; பெயரில்லாமல் ‘கதவைச் சாத்திவிட்டுப் போனான்’ என்று வரும் இடங்களில் போனது சுடலையா இசக்கியா என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் தெரியும். அடுத்தது உறவுமுறை. சுடலையின் பிள்ளைகளுக்கு இசக்கி சித்தப்பாவிலிருந்து அத்தையாகிறாள். இசக்கியின் பிள்ளைகளுக்குச் சுடலை பெரியப்பாவிலிருந்து மாமாவாகிறான். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நேற்றுவரை அண்ணன் தம்பி, அக்கா தங்கை, இன்று முறைப்பிள்ளைகள். சொத்து வெளியே போகாமலிருக்க ஒரு கல்யாணம் பேசலாமே என்று யாராவது ஒரு பெரியவர் வாயைத் திறக்காவிட்டால் அந்த ஊர்க்காரர் யாரும் கதையை நம்பமாட்டார்.

மூன்றாவது, சட்டம். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு இணையாக மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் வந்தது. அதிலும் 1989 மார்ச் 25க்கு முன்பே மணமான மகளுக்கு, 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை, அந்தப் பங்கு கிடையாது. ஆக 1986இல் இசக்கி தம்பி என்றால் ‘என் பாகத்தைப் பிரி’ என்று கேட்கிறவன்; தங்கை என்றால் அதே வார்த்தையை அதே உரிமையோடு கேட்க முடியாதவள். கதையின் மோதலே வேறு. கதையை 1990க்கு நகர்த்தி மணமாகாத தங்கையாக்குவதா, அல்லது உரிமையில்லாமலேயே கேட்கிற பெண்ணாக வைத்துக்கொள்வதா என்ற முடிவு இனி எழுதப்போகும் ஒவ்வொரு பக்கத்தையும் தொடும். ஆகவே அதை இன்றே எடுக்க வேண்டும்.

வேலை இப்படிப் போகும்: இரண்டு நாள் எழுதாமல் முடிவெடுங்கள். பட்டியலில் ‘அத்தியாயம் 1–8: இசக்கி பெண், வினைமுற்று, உறவுமுறை, கல்யாணப் பேச்சு அத்தியாயம் 5இல் நுழைய வேண்டும்’ என்று எழுதுங்கள். அண்ணனும் தங்கையும் முதன்முதலில் மோதும் காட்சி ஒன்றை மட்டும் புதிதாக எழுதுங்கள், அவள் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. ஒன்பதாம் அத்தியாயத்தைத் தங்கையோடு தொடருங்கள். முதல் எட்டு அத்தியாயங்களில் இன்னும் ஆணாகவே இருக்கட்டும். முதல் வரைவு யாருக்கும் காட்டுவதற்கானது அல்ல. அதில் ஒரு பாத்திரம் பாதியில் பால் மாறினால் ஒன்றும் குடிமுழுகாது. எட்டு அத்தியாயத்தையும் இப்போதே சரிசெய்யத் தொடங்கினால், பதினைந்தாம் அத்தியாயத்தில் வரப்போகும் அடுத்த ஞானத்துக்காக அதை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

ஊறப்போடும் இடைவெளி

முடித்த அன்றைக்கே திருத்த உட்காராதீர்கள். சிறுகதைக்கு ஒன்றிரண்டு வாரம், நாவலுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம். காரணம் எளிது: நினைவில் இருப்பதைக் கண் படிக்காது. பக்கத்தில் இல்லாததையும் இருப்பதாக எடுத்துக்கொள்வீர்கள். இடைவெளியில் வேறொரு சிறிய கதையை வரைவு செய்யலாம். அந்த நாவலைப் பற்றி மட்டும் யாரிடமும் வாயால் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். விளக்கியது எல்லாம் எழுதியதாகவே மனதில் பதியும்.

சுற்றுகள்: நன்னூலின் பத்துக் குற்றம்

திருத்தம் தொடங்கும்போது பெரியதிலிருந்து சிறியதற்கு வரவேண்டும். இதைத் தலைகீழாகச் செய்வதுதான் அதிகம் நேரம் தின்னும் தவறு. மூன்று நாள் செலவழித்து நுணுக்கிய காட்சியை நான்காம் நாள் கதைக்கே தேவையில்லை என்று வெட்டுவீர்கள். அல்லது அவ்வளவு உழைத்தோமே என்று வெட்டாமல் விடுவீர்கள், அது இன்னும் மோசம்.

எந்தச் சுற்றில் எதைப் பார்ப்பது என்பதற்கு நம்மிடம் ஒரு பட்டியல் பள்ளிக்காலத்திலிருந்தே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. அவர் சொன்னது இலக்கண நூல் போன்றவற்றுக்கு. கதைக்கும் இதைவிடக் கச்சிதமான திருத்தப் பட்டியல் கிடைப்பது கடினம். மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் சுற்று, கட்டமைப்பு. அச்செடுத்தோ கைக்கருவியில் ஏற்றியோ மூன்று நாளுக்குள் முழுவதையும் படியுங்கள். கையில் பேனா வேண்டாம். பிறகு ஒரு காட்சிக்கு ஒரு வரி வீதம் எழுதுங்கள்: யார், எங்கே, எப்போது, என்ன மாறியது. 45,000 சொல் நாவலில் நாற்பதிலிருந்து அறுபது வரி வரலாம். ‘என்ன மாறியது’ என்ற கட்டத்தில் ஒன்றும் எழுத முடியாத காட்சிதான் நின்று பயன் இன்மை. அது போக வேண்டும், அல்லது பக்கத்துக் காட்சியோடு கலக்க வேண்டும். மரக்கடையில் தேக்கு எப்படி அறுக்கப்படுகிறது என்று நான்கு பக்கம் போகிறதென்றால் மற்றொன்று விரித்தல். எழுதியவர் சேகரித்த தகவல் மேலுள்ள பாசம் அது. அரைப் பக்கம் வைத்துக்கொண்டு மீதியை வெட்டியவை கோப்புக்கு அனுப்புங்கள்.

மாறுகொளக் கூறல் என்பது முரண்: இரண்டாம் அத்தியாயத்தில் இடக்கையால் எழுதுகிறவன் பதினொன்றில் வலக்கையால் கையெழுத்துப் போடுகிறான், செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் சந்தை வெள்ளிக்கிழமை கூடுகிறது. இதற்குத் தனியாக ஒரு நாட்காட்டி எழுதிப் பாருங்கள். கதை நடக்கும் ஆண்டின் உண்மையான நாட்காட்டியோடு ஒப்பிட்டு, தைப்பொங்கல், ஆடி, பள்ளி விடுமுறை, சாரல் காலம் எங்கே விழுகின்றன என்று பார்ப்பது அரை நாள் வேலை.

இந்தச் சுற்றின் தலையாய குற்றம் சென்று தேய்ந்து இறுதல். முதல் நூறு பக்கத்தில் நிதானமாக நடந்த கதை கடைசி இருபது பக்கத்தில் ஓட்டமாக ஓடி விழும். முதல் அத்தியாயத்தையே மெருகேற்றிக்கொண்டிருந்தவர்களின் நாவலில் இது கட்டாயம் இருக்கும். அளந்து பார்க்கலாம்: ஒவ்வொரு அத்தியாயத்தின் சொல் எண்ணிக்கையையும் வரிசையாக எழுதுங்கள். 3,200, 3,000, 3,100 என்று போய் முடிவில் 1,400, 1,100, 900 என்று இறங்கினால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே குறுக்கியதா, அல்லது களைத்துப்போய் முடித்ததா? காட்சியாக நடக்க வேண்டியது ‘பிறகு எல்லோரும் சமாதானமானார்கள்’ என்று தகவலாகச் சொல்லப்பட்டிருந்தால் களைப்புதான். முதல் சுற்றிலேயே கடைசி ஐந்தில் ஒரு பகுதியைப் புதிதாக எழுத நேரம் ஒதுக்கிவைப்பது புத்திசாலித்தனம். முதல் நாவல் என்றால் அநேகமாகத் தேவைப்படும்.

முதல் அத்தியாயத்தை இந்தச் சுற்றின் இறுதியில் தொடுங்கள். கதை எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தபிறகுதான் தொடக்கம் எதைச் சுமக்க வேண்டும் என்று தெரியும். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று பக்கம் கழன்று விழும், அவை எழுத்தாளர் கதைக்குள் நுழைய எழுதிக்கொண்டவை.

இரண்டாம் சுற்று, காட்சி. குன்றக் கூறல்: உங்கள் தலையில் இருப்பது பக்கத்தில் இல்லை. மிகைபடக் கூறல்: அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள், கூடவே ‘கோபமாக இருந்தாள்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூறியது கூறல்: ஒரே தகவல் உரையாடலில் ஒருமுறை, நினைவோட்டத்தில் ஒருமுறை, இன்னொரு பாத்திரத்திடம் ஒருமுறை. நாளுக்கு 500 சொல்லாக நான்கு மாதம் எழுதப்பட்ட வரைவில் இது தவிர்க்க முடியாதது. சொன்னோமா என்று நினைவில்லாமல் மறுபடி சொல்லியிருப்பீர்கள். வலுவான ஓர் இடத்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். மயங்க வைத்தல்: மூன்று ஆண்கள் பேசும் காட்சியில் ‘என்றான்’ யார்? எல்லாப் பாத்திரங்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முத்து, முருகன், முனியசாமி என்று ஒரே எழுத்தில் தொடங்கினால் இரண்டு பெயரையாவது மாற்றுங்கள்.

இந்தச் சுற்று முடிந்தபின்தான் பிறரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் போதும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் வரும். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள், எங்கே குழம்பினீர்கள், யார் செய்ததை நம்ப முடியவில்லை என்று மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே பிழை உண்டு. அதற்கு அவர்கள் சொல்லும் தீர்வை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாம் சுற்று: வாக்கியமும் ஒற்றும்

வெற்றெனத் தொடுத்தலும் (பொருளில்லாமல் சொற்களை அடுக்குவது) வழூஉச்சொல் புணர்த்தலும் (பிழையான சொல்லைச் சேர்ப்பது) இங்கே. ஒரு அமர்வுக்கு 1,500 சொல்லுக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் கண் மன்னித்துவிடும். வாய்விட்டுப் படியுங்கள்.

வரைவில் மிகுதியாக விழுபவற்றைத் தேடல் வசதியால் பிடிக்கலாம். ‘கொண்டிரு’ என்று தேடுங்கள். ‘பார்த்துக்கொண்டிருந்தான்’, ‘யோசித்துக்கொண்டிருந்தாள்’ என்று ஒரே பக்கத்தில் நான்கு இருந்தால் மூன்றை ‘பார்த்தான்’, ‘யோசித்தாள்’ ஆக்கலாம். ‘ஒருவித’, ‘ஏதோ ஒரு’ இரண்டையும் தேடுங்கள். முக்கால்வாசி நீக்கினாலும் பொருள் குறையாது. வினையெச்சச் சங்கிலி தேடலில் அகப்படாது, காதால்தான் பிடிக்க வேண்டும்: ‘எழுந்து, முகம் கழுவி, சட்டை மாட்டி, செருப்பைத் தேடி, கதவைத் திறந்து, வெளியே வந்து பார்த்தான்.’ மூன்று எச்சத்துக்கு மேல் போனால் உடையுங்கள், எது முக்கியமோ அது வினைமுற்றாகட்டும். செருப்பு காணாமல் போனதுதான் கதை என்றால் வாக்கியம் செருப்பில் முடியவேண்டும். வினைமுற்றிலேயே ஆள் தெரிவதால், தொடர்ந்து வரும் ‘அவன்’, ‘அவள்’களில் பலவற்றை எடுத்துவிடலாம்.

பேச்சு வழக்குக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்: இருக்கு, வந்துட்டான், போறேன் என்று உரையாடலில் வரும் வடிவங்களை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எழுதி, நூல் முழுக்க அதையே கடைப்பிடியுங்கள். பெரிய முடிவு, அதாவது விவரிப்பு எழுத்துத் தமிழிலா வட்டார வழக்கிலா என்பது, வரைவின் முதல் வாரத்திலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்துக்கூட்டும் முறை மட்டும்தான் இந்தக் கட்டத்துக்கு உரியது.

சந்தி எல்லாவற்றுக்கும் கடைசி. நிலைமொழியும் வருமொழியும் சேர்ந்துதான் ஒற்றை முடிவு செய்கின்றன. ஒரு சொல்லை மாற்றினால் முந்தைய சொல்லின் ஈறு கெடும். ‘கடையைப் பூட்டினான்’ என்பதை ‘கடையை மூடினான்’ என்று மாற்றிவிட்டு ப்-ஐ எடுக்க மறந்தால் ‘கடையைப் மூடினான்’ என்று அச்சாகும். வரைவின்போதே ஒற்றைப் பார்த்துப் பார்த்துப் போட்டவர்களின் பிரதியில்தான் இந்த வகைப் பிழை அதிகம். வாக்கியம் அசையாது என்று உறுதியான பிறகு, வாணி பிழைத்திருத்தியிலும் நாவி சந்தித்திருத்தியிலும் அத்தியாயம் அத்தியாயமாக இட்டுப் பாருங்கள். உரையாடல் பகுதிகளில் அவை சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். பேச்சில் விழாத ஒற்றை எழுத்தில் போட்டால் பாத்திரம் மேடையில் பேசுவதுபோல் ஒலிக்கும்.

நாவல் அல்லாதவற்றுக்கு

சிறுகதையில் கணக்கு மாறும். இரண்டாயிரம் சொல் கதையை ஒன்றிலிருந்து மூன்று அமர்வுக்குள் வரைவு செய்துவிட வேண்டும். இழுத்தால் தொனி மாறும். இரண்டாம் வரைவை ஒட்டுப்போடாமல், அச்செடுத்த முதல் வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெற்றுக் கோப்பில் முழுவதும் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். சோம்பல் நல்ல எடிட்டர்: மறுபடி தட்டச்சு செய்ய அலுப்பாக இருக்கும் பத்தி வாசகருக்கும் அலுப்பாகத்தான் இருக்கும். நாவலுக்கு இந்த முறை கட்டுப்படியாகாது. உடைந்த காட்சிகளுக்கு மட்டும் செய்யலாம்.

இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயம் என்று தொடராக எழுதுகிறவர்களுக்கு வெளியான அத்தியாயம் கல்வெட்டு. ஆகவே ஐந்தாறு அத்தியாயம் கையிருப்பில் இருக்கும்போதுதான் முதல் அத்தியாயத்தை வெளியிட வேண்டும். கையிருப்பு இரண்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு வாரம் இடைவெளி அறிவித்துவிடுங்கள். பின்னால் புத்தகமாக்கும்போது, ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் வாசகரைப் பிடித்துவைக்கப் போட்ட திடுக்கிடல்களில் பாதியையும், அடுத்த வாரத் தொடக்கத்தில் வரும் கதைச்சுருக்கங்கள் முழுவதையும் எடுத்துவிட வேண்டியிருக்கும்.

எங்கே நிறுத்துவது

சுற்றுகளின் எண்ணிக்கையை முன்பே முடிவு செய்யுங்கள்: மேலே சொன்ன மூன்று, அத்துடன் ஒரு மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முந்தைய பிழைபார்ப்பு. போன முறை மாற்றியதை இந்த முறை பழையபடியே மாற்றுகிறீர்கள் என்றால் அந்தப் பகுதி முடிந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பைப் புதுப் பெயரில் சேமியுங்கள்: மரக்கடை-வரைவு-1, மரக்கடை-சுற்று-1 என்று. ‘இறுதி’, ‘மெய்யான இறுதி’, ‘இறுதி புதியது’ என்று பெயரிட்டவர்கள் பதிப்பகத்துக்குப் பழைய பிரதியை அனுப்பிய கதைகள் நிறைய.

தமிழ்ப் பதிப்புச் சூழலில் பல இடங்களில் மெய்ப்புத் திருத்துபவர் இருப்பார், எடிட்டர் இருக்கமாட்டார். கட்டமைப்பை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி அனுப்பாதீர்கள். பக்கம் வடிவமைக்கப்பட்ட மெய்ப்பு கைக்கு வந்தபின் எழுத்துப்பிழை, விடுபட்ட வரி, தவறான பக்க எண், வரி இறுதியில் உடைந்த சொல் ஆகியவற்றை மட்டும் திருத்துங்கள். ஒரு பத்தியில் இரண்டு வரி சேர்த்தால் அத்தியாயம் முழுக்கப் பக்கம் நகரும். ஏதாவது சேர்த்தே ஆகவேண்டும் என்றால், அதே பத்தியில் அதே அளவு எழுத்தை எடுத்துவிட்டுச் சேருங்கள்.